தலைக்கு சீரம் போடலாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

முடி கொட்டுகிறது என்று யாராவது பேச்செடுத்தால், அடுத்த நிமிடமே சீரம் பற்றிய விசாரணை ஆரம்பித்துவிடும். நான் சில ஆண்டுகளாக சீரம் போடுகிறேன் என்பது தெரிந்ததிலிருந்து நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்கிற இடங்களில் அதையே சொல்லியிருக்கிறேன்.

சீரம்னா என்ன? எண்ணெயையே வேற பேர்ல விக்கிறாங்களா?

இல்லை. ஸ்கால்ப் சீரம், அதாவது மண்டைத் தோலில் போடும் சீரம், பெரும்பாலும் தண்ணீரையோ ஆல்கஹாலையோ அடிப்படையாகக் கொண்ட லேசான திரவம். முடி வேருக்கு ஏதாவது செய்யும் என்று கருதப்படும் ஒரு பொருளை அதில் கரைத்திருப்பார்கள். தோலில் பட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடும், அலச வேண்டியதில்லை. எண்ணெய் வேறு ரகம். அது முடியின் மேல் படிந்து வறட்சியையும் உடைவதையும் குறைக்கும். முடி உடையாமல் இருந்தால் நீளமாகத் தெரியும், அதனால் எண்ணெய் முடியை வளர்த்தது போலத் தோன்றும்.

ஒரு குழப்பம் மட்டும் கவனியுங்கள். 'ஹேர் சீரம்' என்ற பெயரிலேயே சிலிக்கோன் சேர்த்த இன்னொரு பொருளும் விற்கிறது. அது சிக்கு எடுக்கவும் பளபளப்புக்கும் முடியின் நீளத்தில் தடவுவது. அதை வாங்கி மண்டையில் தேய்த்துவிட்டு 'ஒண்ணும் முளைக்கலையே' என்று வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. இந்தப் பக்கத்தில் சீரம் என்று வரும் இடமெல்லாம் மண்டைத் தோலில் போடுவதைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினா பயப்படாம இருக்கலாம்?

50 முதல் 100 வரை இயல்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். தலையில் இருப்பது சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி நின்றுபோகும், அப்புறம் ஏறக்குறைய 3 மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வில் இருக்கும். இந்த 3 மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் அதை வைத்துத்தான்.

தினமும் உட்கார்ந்து எண்ண வேண்டாம். மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் நான்காம் நாள் குளித்தால் மூன்று நாள் முடியும் சேர்ந்து வரும், அதைப் பார்த்து மனம் உடையும். உங்களுக்கு வழக்கமாகக் கொட்டுவதைவிடத் திடீரென்று கூடியிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

எனக்கு நிஜமாவே முடி குறையுதா, இல்ல என் மனசுதானா?

கண்ணாடியை நம்பாதீர்கள். குளியலறை விளக்கு நேராகத் தலைமேல் அடித்தால் யாருக்கும் மண்டை தெரியும். முடி ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். காய்ந்த தலையில், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிடு எடுத்து மாதம் ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். நெற்றி, இரண்டு பக்கமும், உச்சி என்று நான்கு படம் போதும். சீரம் ஆரம்பிப்பதற்கு முன்பே முதல் படங்களை எடுத்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு பலன் இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பெண்களுக்கு முதலில் தெரிவது பெரும்பாலும் நடு வகிடு அகலமாவதும், குதிரைவால் கட்டும்போது ரப்பர் பேண்டை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டிவருவதும்தான். ஆண்களுக்கு நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறும், அல்லது உச்சியில் சுழி இருக்கும் இடம் வெளுக்கும். கொட்டும் முடியைவிட இருக்கும் முடியைப் பாருங்கள். முன்பு தடிமனாக இருந்த இடத்தில் மெல்லிய, குட்டையான முடிகள் கூடிக்கொண்டே போனால் அது மனப்பிரமை இல்லை.

எந்த மாதிரி முடி உதிர்வுக்கு சீரம் வேலை செய்யும்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இது, ஆனால் பாட்டில் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். முடி உதிர்வு என்பது ஒரே நோய் கிடையாது. மிகப் பரவலானது பரம்பரையாக வருவது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் தயாரிக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு சில மயிர்க்கால்கள் அதிகமாக வினைபுரியும். ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறையும், மயிர்க்கால் சுருங்கும், முடி மெலியும். கடைசியில் பூனைமுடி அளவுக்கு வந்துவிடும். ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் இதுதான். பெண்களுக்கு வகிடு அகலமாவதில் ஹார்மோனின் பங்கு அவ்வளவு தெளிவில்லை, ஆனால் மயிர்க்கால் சுருங்குவது அங்கேயும் நடக்கிறது. சீரம் போட்டு உருப்படியான பலன் எதிர்பார்க்கக்கூடியது இந்த வகையில்தான்.

இரண்டாவது, ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு கொத்தாகக் கொட்டுவது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போட்டு எடை குறைப்பது, பெரிய மன உளைச்சல். உடல் ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். மேலே சொன்ன 3 மாதக் கணக்கால் சம்பவம் நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் காய்ச்சலை மறந்துபோய், கடைசியாக மாற்றிய ஷாம்பு மேல் பழியைப் போடுவோம். காரணம் சரியாகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் உதிர்வு தானாக அடங்கும். இந்தச் சமயத்தில் சீரம் ஆரம்பித்தவர்கள் 'அற்புதமான சீரம்' என்று புகழ்வதைப் பார்க்கலாம். அது இல்லாமலும் முடி வந்திருக்கும்.

மற்றவை சீரத்துக்கு அடங்காதவை. வட்ட வட்டமாக வழுவழுவென்று உதிரும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது, அதற்கு வைத்தியமே வேறு. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். வருடக்கணக்காக இறுக்கிப் பின்னி ஓரத்து முடி போயிருந்தால், முதலில் பின்னலைத் தளர்த்த வேண்டும்.

பாட்டிலைத் திருப்பினா இருபது பேர் இருக்கு. எதைப் பாக்கணும்?

முதலில் மினாக்ஸிடில் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மருந்து. எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். தலையில் தடவி முடி வளர்ப்பதாகப் பல பெரிய ஆய்வுகளில் நிலைத்து நின்ற பொருள் என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இல்லையென்றால் அது அழகுசாதனப் பொருள். ரெடென்சில், ப்ரோகேப்பில், கேபிக்ஸில், அனாகெய்ன் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். இவை தனிப் பொருள்களின் பெயர் அல்ல, மூலப்பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர்கள். கேபிக்ஸிலில் இருப்பது ஒரு பெப்டைடும் சிவப்புக் குளோவர் சாறும், அனாகெய்னில் பட்டாணி முளைச் சாறு. இவற்றுக்குக் காட்டப்படும் ஆதாரம் பெரும்பாலும் தயாரித்தவர்களே நடத்திய சிறு சோதனைகள். பயனே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மினாக்ஸிடிலுக்கு ஈடாக வைத்துப் பேசுவதற்கு இன்னும் இடமில்லை என்பது என் கருத்து. காஃபீன், நியாசினமைடு, காப்பர் பெப்டைடு ஆகியவையும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

பெயர்கள் அதிகமாக இருப்பதால் சீரம் சிறந்ததாகிவிடாது. உண்மையில், நீளமான பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது. ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் இருபது பேரை அடுக்கியிருந்தால் பாதி வெறும் பெயருக்குச் சேர்த்ததாக இருக்கலாம்.

மினாக்ஸிடில் ரத்த அழுத்த மருந்தாமே, அதைப் போய் தலையில தடவலாமா?

ஆமாம், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 1979இல் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைக் கவனித்த பிறகுதான் தலையில் தடவும் கரைசலாக மாற்றினார்கள். 1988இல் அதற்கு அனுமதி கிடைத்தது. தடவும்போது ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம், அதனால் பெரும்பாலானோருக்கு ரத்த அழுத்தம் மாறாது.

ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. தடவிய பிறகு படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், திடீர் எடை கூடுதல் எதுவந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

2 சதவீதமா 5 சதவீதமா?

ஆண்களுக்கு 5 நன்றாக வேலை செய்கிறது. 48 வாரம் நடந்த ஓர் ஆய்வில் 2 சதவீதத்தைவிட 45 சதவீதம் அதிக முடி வளர்ச்சி தெரிந்தது. பெண்களுக்கு 2 சதவீதக் கரைசலை இரண்டு வேளை போடுவதும், 5 சதவீத நுரையை ஒரே வேளை போடுவதும் ஏறக்குறைய ஒரே பலன்தான். முகத்தில் முடி வருமோ என்ற பயம் உள்ள பெண்கள் குறைந்ததில் ஆரம்பிக்கலாம். 10, 15 சதவீதம் என்று விற்பதைத் தேடிப் போக வேண்டாம். அளவைக் கூட்டினால் பலன் அதே விகிதத்தில் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, எரிச்சல் மட்டும் கூடும்.

ரோஸ்மேரி எண்ணெய் மினாக்ஸிடிலுக்குச் சமம்னு எல்லா வீடியோவிலயும் சொல்றாங்களே?

எல்லா வீடியோவும் சுற்றி வருவது 2015இல் வெளியான ஒரே ஆய்வைத்தான். 100 ஆண்கள். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். 3 மாதத்தில் இருவருக்கும் சொல்லும்படியான மாற்றம் இல்லை, 6 மாதத்தில் இருவருக்கும் கொஞ்சம் கூடியிருந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. இதுதான் முழுக் கதை.

இதில் வீடியோக்கள் சொல்லாத இரண்டு விஷயம். ஒப்பிட்டது 5 சதவீதத்தோடு இல்லை, வீரியம் குறைந்த 2 சதவீதத்தோடு. அப்புறம், எதுவுமே போடாத மூன்றாவது குழு கிடையாது. அதனால் சமம் என்பதைவிட, 'ஒரு சின்ன ஆய்வில் நம்பிக்கை தரும் அறிகுறி' என்பதுதான் நியாயம். ரோஸ்மேரி பிடித்திருந்தால் போடுங்கள். ஆனால் வடித்தெடுத்த ரோஸ்மேரி எண்ணெயை நேராகத் தோலில் விட்டால் எரியும், வேறு எண்ணெயில் சில சொட்டு கலந்துதான் போட வேண்டும். இயற்கையானது என்பதால் ஒவ்வாமை வராது என்று நினைக்க வேண்டாம்.

எப்படித் தடவணும்? முடி மேலயே ஊத்திட்டா போதாதா?

போதாது. முடிக்கு உயிரில்லை, வேலை நடப்பது தோலுக்குக் கீழே. காய்ந்த தலையில் வகிடு எடுத்து, டிராப்பரின் நுனியைத் தோலுக்கு அருகில் வைத்து சில சொட்டு விட்டு, விரல் நுனியால் லேசாகப் பரப்புங்கள். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. மினாக்ஸிடில் கரைசல் என்றால் ஒரு வேளைக்கு 1 மில்லி என்பதுதான் வழக்கமான அளவு. பாதிக்கப்பட்ட இடம் சின்னது என்பதற்காகக் குறைக்கவோ, பெரியது என்பதற்காகக் கூட்டவோ வேண்டாம். நெற்றியில் வழிந்தால் உடனே துடையுங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான்கு மணி நேரமாவது தலை நனையாமல் இருக்க வேண்டும். இரவில் போடுவதானால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாதி தலையணைக்குப் போகும், அங்கிருந்து கன்னத்துக்கு வரும். ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை அடுப்புப் பக்கம் போக வேண்டாம். அழுத்தித் தேய்ப்பது, நகத்தால் சுரண்டுவது எதுவும் தேவையில்லை.

எண்ணெய் வைக்கிற பழக்கத்தை விடணுமா?

விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். எண்ணெய் ஊறிய தோலில் சீரம் இறங்காது. எண்ணெயைக் குளிப்பதற்கு முன்பு வைத்து அலசிவிட்டு, தலை காய்ந்த பிறகு சீரம் போடுங்கள். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைக் குறைப்பது நல்லது. பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் கிருமி தோலிலுள்ள எண்ணெய்ப் பசையில்தான் பெருகும். பொடுகை கீட்டோகொனசோல் ஷாம்பு போன்றவற்றால் முதலில் அடக்கிவிட்டு சீரத்துக்கு வந்தால் அரிப்பு குறைவாக இருக்கும்.

டை அடிச்சிருக்கேன், போடலாமா?

போடலாம். டை அடிக்கிற நாளிலும் மறுநாளும் மட்டும் விட்டுவிடுங்கள். தோல் எரிச்சலாக இருந்தால் அடங்கும்வரை காத்திருங்கள்.

ஆரம்பிச்ச மூணாவது வாரமே முன்னைவிட அதிகமா கொட்டுது! நிறுத்திடட்டுமா?

என்னிடம் வரும் பதற்றமான செய்திகளில் பாதி இதுதான். மினாக்ஸிடில் போட்டவராக இருந்தால் பொறுங்கள். அது ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. புது முடி கீழிருந்து தள்ளும்போது, எப்படியும் சில வாரத்தில் விழவிருந்த பழைய முடி இப்போதே விழுகிறது. பால் பல் விழுந்து அடுத்த பல் வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இது இருக்கும், அப்புறம் அடங்கும். எல்லோருக்கும் வருவதில்லை, வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை.

மூன்று மாதம் தாண்டியும் கொட்டிக்கொண்டே இருந்தால், அல்லது தோல் சிவந்து, செதில் உதிர்ந்து, எரிச்சலோடு கொட்டினால் இந்த விளக்கம் பொருந்தாது. மினாக்ஸிடில் இல்லாத சீரம் போட்டு இப்படி ஆனாலும் 'ஆரம்பத்தில் கொட்டத்தான் செய்யும்' என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ஒவ்வாமையாக இருக்கலாம்.

எத்தனை மாசத்துல தெரியும்? ஒரு மாசத்துலன்னு விளம்பரத்துல போட்டிருக்கே.

முடி மாதத்துக்கு சுமார் 1 செ.மீ. வளரும். இன்று ஒரு மயிர்க்கால் விழித்துக்கொண்டாலும் அந்த முடி தோலுக்கு வெளியே வந்து, மற்ற முடிகளோடு கலந்து, கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அதனால் ஒரு மாதத்தில் அடர்த்தி என்பது நடக்காத காரியம். உதிர்வு குறைவது மூன்று மாத வாக்கில் தெரியலாம், அடர்த்தி நான்கு முதல் ஆறு மாதத்தில், முழுப் பலன் ஒரு வருடத்தில். மேலே சொன்ன படங்கள் இங்கேதான் உதவும். முதலில் வரும் முடிகள் மெல்லியதாக, நிறம் குறைவாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம்.

நிறுத்தினா என்ன ஆகும்? முன்னைவிட மோசமாகும்னு சொல்றாங்க.

மினாக்ஸிடில் காரணத்தைத் தொடுவதில்லை. டி.எச்.டி. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மருந்து முடியைப் பிடித்து நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். நிறுத்திய மூன்று நான்கு மாதத்தில் அதனால் வந்த முடி உதிர்ந்துவிடும். போடாமலே இருந்திருந்தால் இன்று எந்த நிலையில் இருப்பீர்களோ அங்கே போய்ச் சேருவீர்கள். கொஞ்ச நாளில் கொத்தாக விழுவதால் முன்னைவிட மோசமானது போலத் தோன்றும்.

ஆக, பரம்பரை உதிர்வுக்குப் போடுபவர்கள் இதை நீண்டகாலப் பழக்கமாக யோசித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை தலையில் எதையாவது தடவிக்கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்பதும் சரியான பதில்தான். குட்டையாக வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு நாள் மறந்துட்டேன், ரெட்டிப்பா போட்டுக்கவா?

வேண்டாம். அடுத்த வேளை வழக்கம்போல் போடுங்கள்.

தலை அரிக்குது, செதில் செதிலா வருது. ஒத்துக்கலையா?

ஒத்துக்கொள்ளாதது மினாக்ஸிடிலாக இல்லாமல், அதைக் கரைக்கச் சேர்க்கும் ப்ரோப்பிலீன் கிளைக்காலாகவும் இருக்கலாம். கரைசலில் அது இருக்கும், நுரை வகைகளில் பொதுவாக இருக்காது. அதனால் நுரைக்கு மாறியதும் அரிப்பு நின்றவர்கள் உண்டு. ஆல்கஹாலால் வெறுமனே தோல் வறண்டும் அரிக்கலாம். மாறியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தச் சீரமானாலும் முதல் முறை தலை முழுக்கப் போடாமல், காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். வாசனைக்குச் சேர்க்கும் பொருள்களும் மூலிகை எண்ணெய்களும்கூட ஒவ்வாமை தரும்.

தலைக்குப் போட்டா முகத்துல முடி வருதே?

மினாக்ஸிடிலில் நடக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு. நெற்றி ஓரம், கன்னம், புருவத்துக்கு மேல் மெல்லிய முடி வரும். வழிவது, தலையணை, கழுவாத கை ஆகியவை ஒரு காரணம், ரத்தத்தில் கொஞ்சம் கலப்பது இன்னொன்று. அளவைச் சரியாக வைத்து, மேலே தடவும் முறையில் சொன்னபடி செய்தால் குறையும். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் இந்த முடியும் போய்விடும்.

பிரசவத்துக்கு அப்புறம் கொத்து கொத்தா போகுது. தாய்ப்பால் கொடுக்கிறேன், சீரம் போடலாமா?

கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மினாக்ஸிடில் வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். மற்ற சீரங்களிலும் கர்ப்பிணிகளிடம் சோதித்தவை அரிது, மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஆறுதலான விஷயம், இது மேலே சொன்ன இரண்டாவது வகை உதிர்வு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் காரணமாக விழாமல் நின்ற முடிகள் எல்லாம் பிரசவத்துக்கு மூன்று நான்கு மாதம் கழித்துச் சேர்ந்து விழுகின்றன. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் பழைய நிலை வந்துவிடும். வராவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும்.

அப்பா போடுறாரு. வீட்ல கைக்குழந்தை, ஒரு பூனை. பிரச்சினை ஏதாவது?

இரண்டுக்கும் உண்டு, இதை யாரும் பாட்டிலில் பெரிதாக எழுதுவதில்லை. தலையில் மினாக்ஸிடில் போட்டவரின் தோலோடு தொடர்ந்து உரசிய கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. மருந்து படுவது நின்றதும் சரியாகியிருக்கிறது. தடவிய இடத்தில் குழந்தையின் கையோ வாயோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூனைக்கு மினாக்ஸிடில் விஷம். மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கும். தலையணையில் பட்டதை நக்குவது, சிந்தியதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவது, இவையே போதும். பூனை உங்கள் தலைமாட்டில் படுக்கும் வீடாக இருந்தால் இந்த மருந்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ரெண்டு மூணு சீரம் சேர்த்துப் போட்டா சீக்கிரம் வருமா?

எரிச்சல் சீக்கிரம் வரும். எது வேலை செய்தது, எது அரிப்பைக் கொடுத்தது என்றும் தெரியாமல் போகும். ஒன்றை ஆரம்பித்து நான்கு மாதமாவது தனியாக விடுங்கள். இரண்டாவதைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று காலை, ஒன்று இரவு.

டெர்மா ரோலர் வாங்கட்டுமா?

2013இல் இந்தியாவில் வந்த ஓர் ஆய்வில், மினாக்ஸிடில் மட்டும் போட்ட ஆண்களைவிட வாரம் ஒரு முறை டெர்மா ரோலரையும் (1.5 மி.மீ. ஊசிகள் பதித்த சின்ன உருளை) சேர்த்தவர்களுக்கு 12 வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. ரோலருக்கு மவுசு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வீட்டில் செய்பவர்கள் விடும் விஷயம் சுத்தம். ஊசி குத்திய தோல் திறந்த புண். அதன் மேல் உடனே மினாக்ஸிடில் ஊற்றினால் ரத்தத்தில் அதிகமாகக் கலக்கும், ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். பொடுகு, கொப்புளம், சொரியாசிஸ் இருந்தால் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால், இதை மருத்துவரிடம் செய்துகொள்வது மேல்.

ஃபினாஸ்டரைடு சேர்த்த சீரம்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. டி.எச்.டி. உருவாவதைக் குறைக்கும் மருந்து. 1 மி.கி. மாத்திரைக்கு ஆண்களின் வழுக்கைக்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவும் வடிவமும் வந்துவிட்டது. தடவினால் உடம்புக்குள் போகாது என்று விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டாம், குறைவாகப் போகும், ஆனால் போகும். தாம்பத்திய ஆர்வக் குறைவு, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரலாம். ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் கையால்கூடத் தொடக் கூடாது. மருத்துவர் எழுதித் தராமல் இதை வாங்கவே வேண்டாம்.

சீரத்தோட பயோட்டின் மாத்திரையும் சாப்பிடட்டுமா?

உடலில் பயோட்டின் என்ற வைட்டமின் குறைந்தால் முடி கொட்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரை முடி வளர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. முடி உதிர்வுக்காகத் தைராய்டு பார்க்கப் போகிறவர்களே பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முழுசா வழுக்கையான இடத்துல முளைக்குமா?

நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். மெல்லிய பூனைமுடிகள் இருந்தால் மயிர்க்கால்கள் இன்னும் இருக்கின்றன, முயற்சி செய்யலாம். பல ஆண்டுகளாக வழவழவென்று பளபளக்கும் இடத்தில் எந்தச் சீரமும் பெரிதாகச் செய்யாது, அங்கே முடி நடுவது பற்றித்தான் யோசிக்க வேண்டும். உச்சியில் கிடைக்கும் பலன் நெற்றி ஓரங்களில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சீரம் சீக்கிரம் ஆரம்பித்தவருக்குத்தான் அதிகம் தரும் என்பதை மறுப்பதற்கில்லை.

எப்ப சீரத்தை விட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட போகணும்?

வட்டமாக உதிர்ந்தால், திடீரென்று கொட்டினால், புருவமோ இமையோ சேர்ந்து உதிர்ந்தால், தலையில் வலி, எரிச்சல், சீழ் இருந்தால், 18 வயதுக்குக் கீழ் என்றால். உதிர்ந்த இடம் தழும்பு போல மினுங்கினால் இன்னும் அவசரம். அந்த வகையில் மயிர்க்கால் நிரந்தரமாக அழிகிறது, காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். பெண்களுக்கு முடி மெலிவதோடு மாதவிடாய் ஒழுங்கற்றுப்போய் முகத்தில் முரட்டு முடியும் வந்தால், ஹார்மோன் பரிசோதனை தேவைப்படும்.

ஆறு மாசம் ஒழுங்கா போட்டேன், ஒண்ணுமே நடக்கல. இப்ப என்ன?

முதலில் படங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். 'ஒன்றுமே இல்லை' என்றவர் முதல் மாதப் படத்தைப் பார்த்ததும் வாய் மூடியது உண்டு. பரம்பரை உதிர்வில் இருப்பது குறையாமல் நின்றிருந்தால் அதுவும் பலன்தான். அது போதுமா என்பது உங்கள் முடிவு.

உண்மையிலேயே குறைந்திருந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, நீங்கள் நினைத்த வகை உதிர்வு இது இல்லை. மற்றொன்று, மினாக்ஸிடில் அப்படியே வேலை செய்வதில்லை. மயிர்க்காலிலுள்ள சல்ஃபோட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி அதை மாற்றிக்கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் பலன் குறைவு. அது உங்கள் தவறில்லை. இன்னொரு பிராண்டுக்குத் தாவி மறுபடி ஆறு மாதம் கழிக்காமல், போட்ட பாட்டிலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்போது ஆரம்பித்தீர்கள், எத்தனை வேளை போட்டீர்கள், கடந்த ஒரு வருடத்தில் என்ன காய்ச்சல், என்ன மாத்திரை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை குறையும்.